ஹீல்கே வயதுக்கு வந்தான்

இரவு இரண்டு மணிக்கு
உன் வீட்டுப் புல்தரையில்
உன்னையே நட்டுக்கொண்டிருந்தோம்.
உள்ளே வைக்கோல்,
வெளியே உன் பழைய மழைக்கோட்டு,
தலைக்கு உருளைக்கிழங்குச் சாக்கு,
மூக்குக்கு ஒரு காரட் போதாமல் இரண்டு.

ஐம்பது முடிந்தவன்
ஆபிரகாமைக் கண்டுவிட்டான் என்பது
ஃப்ரீஸ்லாந்தில் நம் தெருப் பேச்சு.
காணாமல் தப்பிவிடுவானோ என்று
ஆபிரகாமையே கொண்டுவந்து
வாசலில் நிறுத்திவிடுவோம்.
தாடி மட்டும்தான் அவருடையது.
தொப்பை, சந்தேகமே இல்லை, உன்னுடையது.

ஏணிமேல் சீட்ஸே.
டார்ச்சோடு பௌக்யே,
உன் மனைவி, முதல் துரோகி,
கோட்டை எடுத்துக் கொடுத்தவள்.
நான் வயிற்றுக்கு வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தேன்.
கதவு திறந்தது.

கோடு போட்ட பைஜாமாவில்
பாலத்துக் கொக்கிக்கழியை ஓங்கியபடி
நீ.
திருடர்கள் என்று நினைத்தாயாம்.
திருடன் வைக்கோல் கொண்டுவருவானாடா?

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.
கால்வாயில் ஒரு வாத்து மட்டும் ஏதோ சொன்னது.
நீ பொம்மையை ஒருமுறை சுற்றி வந்தாய்.
"வயிறு கொஞ்சம் அதிகம்" என்றாய்.
"இடது தோளை இன்னும் இறக்கு,
எனக்கு அது இறக்கம்தான்."
பிறகு நீயே ஏணியைப் பிடித்துக்கொண்டாய்.
எல்லாம் முடிந்ததும்
"சரி, காலையில் ஆச்சரியப்படுகிறேன்" என்று
தூங்கப் போய்விட்டாய்.

அந்த இடது தோளை எனக்குத் தெரியும்.
ஒன்பது வயதில்
பனிக்கட்டி விரிந்து நான் உள்ளே போனபோது
நீ குப்புறப் படுத்து ஊர்ந்துவந்து இழுத்த தோள் அது.
என் அம்மாவிடம் என்ன சொன்னாய்?
"மீன் பார்க்க இறங்கினான்."
எனக்கு அறை விழுந்தது,
உனக்குப் பட்டாணி சூப் கிடைத்தது.
இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

பதினெட்டு உனக்கு வந்தபோது
யாரும் எதையும் நடவில்லை.
அந்த வாரம்தான் உன் அப்பாவைப் புதைத்திருந்தோம்.
பாலத்தைத் தூக்க ஆளில்லை,
படகுகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன.
காதுவரை இறங்கிய அவருடைய தொப்பியில்
நீ நெம்புகோலைப் பிடித்தாய்.
தூண்டிலில் மரச்செருப்பைக் கட்டி
படகுக்காரர்களிடம் கட்டணத்துக்கு நீட்டினாய்,
அவர் நீட்டியது போலவே, கொஞ்சம் நடுங்கி.

நான் கேக்கோடு வந்து
எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டேன்.
நீ செருப்பை என் பக்கம் வீசினாய்.
ஒரு துண்டு வெட்டி அதில் வைத்தேன்.
பாதி வழியில் ஒரு ஜெர்மன் படகுக்காரர்
தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு
நன்றி சொல்லி
இரண்டு கில்டர் போட்டார்.

நீ சிரித்தாய்.
அப்புறம் அது சிரிப்பாக இல்லை.
பாலம் இறங்காமல் நான் வர முடியாது.
இறக்க வேண்டியவன் நீ.
உனக்கு வெகு நேரமாயிற்று.
மீதிக் கேக்கைப் பிடித்தபடி
அங்கேயே நின்றேன்.

காலை எட்டு மணிக்கு
கன்னத்தில் கைவைத்து "ஐயோ, யார் செய்தது?" என்றாய்.
நாலாம் வகுப்பு நாடகத்தில்
ஆடாக வந்து 'மே' சொல்ல மறந்தவன்
வேறு எப்படி நடிப்பான்!
தபால்காரி மட்டும் நம்பினாள்.

இப்போது உன் வீட்டில்
நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.
உன் பிறந்தநாளுக்கு
வருகிறவர்கள் எல்லாம் என் கையையும் குலுக்கி
வாழ்த்துகிறார்கள், ஊர் வழக்கப்படி.
நான் என்ன செய்தேன்?
கூடவே இருந்தேன்.
உன்னோடு அது சின்ன வேலை இல்லை.

வெளியே காற்றில் ஆபிரகாமின் தொப்பி பறந்து
கால்வாயில் விழுந்துவிட்டது.
இரண்டு மூக்கில் ஒன்றை
யாரோ குழந்தை தின்றுவிட்டது.
உன் தொப்பை மட்டும் அசையாமல் நிற்கிறது.

வயதுக்கு வந்துவிட்டாய் ஹீல்கே,
முப்பத்திரண்டு வருடம் தாமதமாக.
கேக் என்னிடம் இருக்கிறது.
கையில் தரமாட்டேன்.
போய்த் தூண்டிலை எடுத்து வா.