விளக்கில் எண்ணெய் ஏறுகிறது

பெட்ரோல் நம்ம பக்கம் லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் மலிவு.
அதனால் நகரி வண்டிகள்
எல்லைப் பலகையைத் தாண்டி
பொதட்டூர்பேட்டை ரோட்டில் எங்கள் பங்குக்கு வரும்.
அப்படித்தான் வந்தான் முனிரத்தினம்.
நூறு ரூபாய்க்கு அடித்துவிட்டு நகராமல் நின்றான்.
'செல்போன் கூடாது' என்ற பலகையின் கீழே
பில் மேசையில் என் செல்போன் திறந்து கிடந்தது.
'உப்பு வாசல்தானே? எந்த அத்தியாயம்?'
பின்னால் ஒரு மினி லாரி ஹாரன் அடித்தது.

இரவு பத்து மணிக்கு மேல் வண்டி குறைவு.
அதற்கு அப்புறம் நாங்கள் இளநாகியைப் பற்றிப் பேசினோம்.
பள்ளிப்பட்டு மருந்துக் கடையிலிருந்து
ஷாகிராவும் போனில் சேர்ந்துகொள்வாள்,
மாத்திரை எண்ணிக்கொண்டே.

முதல் அத்தியாயத்திலேயே குருட்டுக் காவலன் சொல்லிவிட்டான்:
மாதமில்லா மாதத்தில் பிறந்தவள்
உப்பு வாசலைத் திறப்பாள்.
திறந்த கை திரும்பாது.

மூன்று வரி.
மூன்று பேருக்கும் மூன்று வருடம் போதவில்லை.

முனிரத்தினம் விசைத்தறியில் வேலை.
ஓடும் துணியில் ஓர் இழை விட்டாலும் பிடிக்கிற கண்.
அவன்தான் கண்டுபிடித்தான்
நாற்பதாம் அத்தியாயத்துக்குப் பிறகு
இளநாகியின் விளக்கில் எண்ணெய் குறையவில்லை,
படத்துக்குப் படம் ஏறுகிறது என்று.
'அக்கா, அவள் எப்போதோ செத்துவிட்டாள்.
நாம் படிப்பது பின்னோக்கி ஓடும் காலம்.'
அன்றைக்கு இரண்டு பில்லைத் தப்பாகப் போட்டேன்.

ஷாகிரா ஒத்துக்கொள்ளவில்லை.
'வரைகிறவருக்குக் கை அசதி,
போன வாரப் படத்தைப் பார்க்காமல் வரைந்திருப்பார்.
எங்கள் டாக்டர் சீட்டிலேயே
காலை மாத்திரை ராத்திரிக்கு மாறிக் கிடக்கும்.'
அவளோடு ஒன்பது நாள் அவன் பேசவில்லை.

என்னுடையது மாதக் கணக்கு.
ஒரு வருடம் ஆடியில் இரண்டு அமாவாசை வந்தது.
எதற்குத் தர்ப்பணம் கொடுப்பது என்று
பங்கு முதலாளி நாலு பேரைக் கேட்டுக் குழம்பினார்.
பெட்ரோல் போட வந்த முனிரத்தினம் சிரித்தான்:
'எங்களுக்குக் குழப்பமே இல்லை,
இது அதிக மாசம். கணக்கில் வராது.
கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது.'

பைப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன்.
அதே நிலா.
பலகைக்கு இந்தப் பக்கம் வெறும் ஆடி,
அந்தப் பக்கம்
இருந்தும் இல்லாத ஒரு மாதம்.
இளநாகி ஆற்றின் எந்தக் கரையில் பிறந்தாள்?
பதினேழாம் அத்தியாயத்தில் அவள் அம்மா
படகிலிருந்து இறங்கும் திசையைப் பார்.
பெட்ரோல் வழிந்து அவன் செருப்பில் விழுந்தது.

பந்தயம் வைத்தோம்:
யார் சொன்னது பலிக்கிறதோ அவருக்கு
மற்ற இருவர் நகரியில் மட்டன் பிரியாணி.

நூற்றுப் பதினொன்று.
கடைசிப் படம்.
வாசல் முன்னால் இளநாகி,
கதவை நோக்கி நீண்ட வலது கை,
விரல் நுனிக்கும் உப்புக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி.
கீழே சின்ன எழுத்தில்: சிறு இடைவேளைக்குப் பின் தொடரும்.

அது நடந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது.
ஷாகிராவுக்குக் கல்யாணமாகி ஆரணி போய்விட்டாள்.
முனிரத்தினத்தின் தறி வேறு கைக்கு மாறியது,
அவன் மட்டும் அதே தறியில்.
வரைந்தவர் யார், எந்த ஊர், இருக்கிறாரா,
ஒன்றும் தெரியாது.
வெள்ளிக்கிழமை நள்ளிரவில் மட்டும்
பழக்கம் விடாமல் திறந்து பார்க்கிறேன்.
அதே கை.

போன வாரம் பெட்ரோல் போட்டுவிட்டுப் போனவன்
பாதி ரோட்டில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
'அக்கா, திரும்பாது என்றுதானே சொன்னான்.
கை திரும்பவே இல்லையே.'

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மீட்டர் சைபருக்கு வந்திருந்தது,
அடுத்த வண்டி மூடியைத் திறந்து காத்திருந்தது.

'பிரியாணி யாருக்கு?' என்றான்.

வாசல் இன்னும் திறக்கவில்லையே முனிரத்தினம்,
முதலில் அதற்குப் பதில் சொல்.