எட்டாம் வளவு

ஏழு மணிக்குத்தான் போன எடுப்பாக.
ஏழு மணிக்கு நாங்க
கம்பம்மெட்டு ஏத்தத்துல,
ஒரு ஜீப்புக்குள்ள பதினேழு பேரு,
ஆரு முழங்கை ஆரு விலாவுலன்னு
பிரிச்சுச் சொல்ல முடியாது.

எட்டாவது வளைவுல மட்டுந்தான் டவர் நிக்கும்.
அதுக்கு முந்தி பாறை, பிந்தி மேகம்.
டிரைவர் தவசி அந்த எடத்துல
கியர் மாத்துற சாக்குல
கொஞ்சம் உருட்டுவான்.
கேட்டா ஒத்துக்கிட மாட்டான்.

மூணு நாளு லைன் பிஸி.
நாலாம் நாளு எடுத்தா ஒருத்தி.
'பேரு பறயூ.'
ஒச்சம்மான்னேன்.
'ஓமனம்மையோ?'
இல்லம்மா, ஒச்சம்மா, ஒ...
வளைவு முடிஞ்சிருச்சு.

போட்டாளா போடலையா,
அன்னிக்குப் பூராவும் அதே நெனப்பு.
ஏலத்தோட்டத்துக்குள்ள கூப்பிட்டுக் கேக்க வழியில்ல.
அங்க எங்க நம்பர் தெரிஞ்சது
அட்டைக்கு மட்டும்.

வியாழக்கெழம கணக்கன்கிட்ட சொல்லி
அரை நாள் கூலிய விட்டுட்டு
ஓடையில கையக் கழுவிட்டுப் போனேன்.
கழுவினாலும் போகாது அந்தப் பிசினு.
சிமெண்டுக் கடைக்கு மேல டாக்டரம்மா.
சேறு அப்புன செருப்பப் படியிலயே விட்டுட்டு
பெஞ்சு ஓரத்துல உக்காந்தேன்.
'ஓமனா. பதினொண்ணு. ஓமனா.'
ஆரும் எந்திரிக்கல.
'ஓமனா உண்டோ?'
பாவம், எவளோ
அரை நாள் கூலிய விட்டுட்டு வந்து
கண்ணசந்துட்டா போலன்னு
நானும் திரும்பித் திரும்பிப் பாத்தேன்.

பன்னெண்டு போச்சு, பதிமூணு போச்சு,
கைப்புள்ளக்காரி போனா, ஊனுகம்புக்காரர் போனாரு,
இருபத்திரெண்டு போயி
டாக்டரம்மா கைப்பையத் தூக்கிட்டு எறங்குறாக.
நோட்டத் திருப்பிக் காட்டுறா அந்தப் பொண்ணு.
எழுத்து வேற, எனக்குத் தெரியாது.
ஆனா பதினொண்ணு
செக்போஸ்ட்டுக்கு ரெண்டு பக்கமும் பதினொண்ணுதான்.
அது மேல குறுக்க ஒரு கோடு.

மறுவாரம், அதே வளைவு.
'பேரு?'
ஓமனா.
ஜீப்புல எல்லாரும் திரும்பிப் பாத்தாக.
'வீட்டுப்பேரு?'
எங்க வீட்டுக்கு ஏது பேரு,
மூணாவது சந்து, குழாயடிக்கு எதுத்தாப்புல, அம்புட்டுத்தான்.
தலைய நீட்டி வெளியில பாத்தேன்.
எட்டாம் வளவுன்னுட்டேன்.
வளவுன்னா அவுகளுக்கு ரோடு திரும்புற எடம்.
எங்களுக்கு நாலு குடி சேந்து இருக்குற எடம்.
ரெண்டுல எத எழுதுனாளோ,
ஒண்ணும் கேக்காம எழுதிக்கிட்டா.

'எந்தா ஓமனே?'
வெரலு மரத்துப் போகுதும்மா.
ராத்திரியில கைய ஒதறி ஒதறித்தான் தூங்குறேன்.
'மரவிப்பு' ன்னு சொல்லிக்கிட்டே எழுதுனாக.
அதுக்கு மட்டும் ஆரும் தமிழ் சொல்லித் தரவேண்டியிருக்கல.
குண்டூசியால ஒவ்வொரு வெரலாக் குத்தி
'அறியுன்னுண்டோ?' ன்னு கேட்டாக.
சுண்டு வெரலு அறிஞ்சுச்சு.
பெருவெரலும் அதுக்கு அடுத்த ரெண்டும்
ஆரு வீட்டு வெரலோ மாதிரி கெடந்துச்சு.

காய் எடுக்குறது ஒரு மாசம் வேண்டான்னாக.
நான் சிரிச்சேன். அவுகளும் என்னமோ நெனச்சுச் சிரிச்சாக.
ஓமனா வேணும்னா வீட்டுல இருக்கட்டும்,
ஒச்சம்மாவுக்கு விடிஞ்சா ஜீப்பு.

ராத்திரி, மணிக்கட்டுல பட்டைய இறுக்கிக்கிட்டு இருந்தேன்.
மாத்திரை கவர விளக்குல காட்டி
கடை மகன வாசிக்கச் சொல்லியிருக்காரு வீட்டுக்காரரு.
'ஆரு இந்த ஓமனா?'
நல்லவதான், எம் பேச்சக் கேப்பான்னேன்.

பதினஞ்சு நாள் கழிச்சு வரச் சொல்லியிருக்காக.
அதுக்கு முந்தின நாளு காலையில
வளைவுல இன்னும் கொஞ்சம் மெதுவாப் போப்பான்னு
தவசிகிட்டச் சொல்லணும்.