உள்ளே ஒரு விரல்

மண்ணில் எவ்வளவு ஈயம் என்று பார்க்கத்தான்
நகராட்சி என்னை அனுப்பியது.
மியூஸ் நதிக்கரை. பழைய இரும்பு வார்ப்பாலை.
அடுத்த கோடையில் இங்கே கார் நிறுத்துவார்கள்.

மூன்றாவது துளையில் டங்கென்றது.
வெடிகுண்டுப் படையினர் வந்தார்கள், சிரித்தார்கள்:
வெறும் கூடு, மருந்தே ஏறாதது,
கழித்துக் குழியில் கொட்டியது.

முன்பெல்லாம் இங்கே அடுப்பு வார்த்தார்கள்,
காலில் திராட்சைக் கொடி போட்ட அடுப்பு.
ஜெர்மானியர்கள் வந்த பிறகும்
அதே உலை, அதே கரி, அதே பெண்கள்;
வார்த்தது மட்டும் எறிகுண்டு.

கூலிப் பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தது:
ஸெலி லாம்பியோத், உள்மணல் பிரிவு,
கவனக்குறைவு, நான்கு நாள் கூலி வெட்டு.

கூட்டை அறுத்தேன்.
அவள் மணலில் அழுத்திய பள்ளம்
இரும்பில் புடைத்து நிற்கிறது,
கட்டைவிரல், ரேகை முதற்கொண்டு,
சரியாகத் திரி இறங்கும் வழியில்.

கவனக்குறைவாம்.
இன்னும் பதினொன்று தோண்டினோம்.
பதினொன்றிலும் அதே இடம்.

ஈயம், அனுமதித்த அளவைப் போல் ஆறு மடங்கு.
அறிக்கையில் அதுதான் கேட்டார்கள், எழுதிவிட்டேன்.

கையுறையைக் கழற்றி
என் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.
அவளுடையது சின்னது.