பதினான்காம் சுற்று

பெயரைச் சொல்லமாட்டேன்.
லீக் இன்னும் முடியவில்லை.

இடது பின்காப்பு. முட்டியில் பழைய தையல்.
போன பருவத்தில் பதினோரு ஆட்டம்தான் ஆடினான்.
பட்டியலில் அவன் கிடந்தது
விரலால் தள்ளித் தள்ளிக் கை வலித்த பிறகு வரும் பக்கத்தில்.
அவனுக்கும் கீழே இருந்தவர்களில் இரண்டு பேர்
பூட்ஸைக் கழற்றி வைத்து மாதக்கணக்காகிறது.

பாயான் லெப்பாஸில் எனக்குப் பன்னிரண்டு மணிநேர ஷிஃப்ட்.
உருப்பெருக்கிக்கு அடியில் பச்சைப் பலகைகள் வந்துகொண்டே இருக்கும்.
மற்றவர்கள் சிவப்புத் தட்டில் எறிந்ததை
மறுபடி எடுத்துப் பார்ப்பவள் எங்கள் வரிசையில் நான் ஒருத்தி.
பத்தில் ஒன்று நன்றாகத்தான் இருக்கும்,
ஈயம் கொஞ்சம் மங்கிப் படிந்திருக்கும், அவ்வளவே.
இதற்குக் கூடுதல் சம்பளம் கிடையாது.
கண்ணெரிச்சல் உண்டு.

கேன்டீன் மூலையில்
சோறு ஆறும்வரை ஒரு மாதம் எழுதினேன்:
பெனால்டி அடிப்பவன் விலைபோய்விட்டால் அடுத்து யார்,
புதுப் பயிற்சியாளர் இடது பக்கத்தை
எவ்வளவு தூரம் ஏறவிடுகிறார்.
கோல் போட்டவனை எல்லாருக்கும் தெரியும்.
பந்து எடுத்துக் கொடுத்தவனையும் தெரியும்.
அதற்கும் முந்தின பந்து ஒன்று இருக்கிறது,
சொந்தப் பாதியில், யாரும் எழுந்து நிற்காத நேரத்தில்
புறப்பட்ட பந்து.
அதை நான் எண்ணினேன்.

ஆகஸ்ட் வெள்ளி. பிறையில், மாமாக் கடையில்
இரண்டு மேசையை ஒட்டிப் போட்டு எட்டுப் பேர்.
சீட்டுக் குலுக்கியதில் எனக்குக் கடைசி எண்.
“முகிலரசிக்கு மிச்சம் மீதிதான் லா” என்றான் யுகேந்திரன்.
இருபத்தாறு கோல் போட்டவனை அவன் முதலில் எடுத்தான்.
ஹஃபிஸ் பத்தொன்பதை எடுத்தான்.
போன வருடத்துக்குக் காசு கொடுத்துக்கொண்டே போனார்கள்.
நான் தலையாட்டினேன்,
வேண்டாத இரண்டு பேருக்காக உரக்க வருத்தப்பட்டேன்.

பன்னிரண்டாம் சுற்றில்
ஆ செங்கின் கட்டைவிரல்
அந்தப் பக்கத்தில் வந்து நின்றது.
“ரொட்டி சானாய் ஆறுது, சாப்பிடு.”
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கறியை இழுத்துக்கொண்டான்.
பதின்மூன்றில் பவித்ரன்,
தன் கிளப் என்ற பாசத்தில்,
மூன்றாவதாக ஒரு கோல்காப்பாளரை எடுத்தான்.
எனக்கு நெஞ்சு அடித்தது இலைக்குக் கேட்டிருக்கும்.

பதினான்கு.
தே ஓ ஒன்று, சீனி குறைச்சல்,
என்று சொல்லும் குரலில்
அவன் பெயரைச் சொன்னேன்.
“யார் அது?”
“இன்னும் ஆடுறானா?”
சிரித்து முடித்துவிட்டுப் பில்லைப் பிரித்தார்கள்.

முதல் சனிக்கிழமை பெஞ்சில்.
இரண்டாவதும் பெஞ்சில்,
கேமரா ஒருமுறை அவனைக் கடந்து போனது,
நகம் கடித்துக்கொண்டிருந்தான்.
மூன்றாவது சனி எண்பத்தெட்டாம் நிமிடம் இறங்கினான்.
இறங்கியதற்கு ஒன்று,
மஞ்சள் அட்டைக்கு ஒன்று கழிய, பூஜ்யம்.
நோட்டைத் திறந்து மறுபடி கூட்டிப் பார்த்தேன்.
கணக்கில் பிழை இல்லை.
அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

திங்கள் காலை, கம்பெனி பஸ் பாலத்தில் ஏறும்போது
யுகேந்திரனிடமிருந்து செய்தி:
அந்த இடது பக்கத்தானைக் கொடு,
நல்ல நடுக்களத்தான் ஒருத்தனைத் தர்றேன்.
ஏன், என்றேன்.
தெரியல. நீ சும்மா எடுக்கமாட்டே.

கடல் சாம்பலாக இருந்தது.
பக்கத்து சீட்டில் யாரோ வாய் திறந்து தூங்கினார்கள்.
ஒரு மாதம் ஒளித்து வைத்த விலை
நான் வாயைத் திறந்த அன்றே ஏறியிருக்கிறது.
அவன் ஆட்டத்தை யுகேந்திரன்
ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை.
பார்த்தது என்னை.

இன்னும் பதில் எழுதவில்லை.
நீலக் கோடு இரண்டையும் அவன் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.
சனிக்கிழமை அங்கே மழையாம்.
ஈரப் புல்லில் அந்த முட்டி
என்ன சொல்லுமோ.