கடந்த ஒரு மாதத்தில்

பாடாங் செராயில் டயர்க் கடைக்கு மேல்மாடி,
முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஒரே அறை.
என்னிடம் இருபது கேள்விகள்.
மலாயில் வந்ததைத் தமிழில் கேட்பது என் வேலை,
ஒரு பாரத்துக்கு எட்டு வெள்ளி.

பூஜ்யம் என்றால் இல்லவே இல்லை.
ஒன்று, கொஞ்சம்.
இரண்டு, சுமாராக.
மூன்று, நிறைய. நான்கு, தாங்க முடியாத அளவு.
சுமாரில்தான் எல்லாரும் வந்து நிற்கிறார்கள்.
சுமாரா தூக்கம், சுமாரா பசி,
சாவுகூட சுமாரா வந்துட்டுப் போச்சு
என்றார் காலையில் ஒருவர்.
அவரை எந்தக் கட்டத்தில் போட?

பதினொன்றரைக்கு கோப்பரல் சவரிராயன்.
எழுபத்து நான்கு வயது. மடிப்பு கலையாத சட்டை.
இரண்டு காதிலும் புத்தம்புதுக் கருவி.
பக்கத்தில் மனைவி தெரேசம்மா, மடியில் பிளாஸ்டிக் பை.

கடந்த ஒரு மாதத்தில்
வேண்டாத நினைவு திரும்பத் திரும்ப வந்ததா?
"இல்ல."
கடந்த ஒரு மாதத்தில் கெட்ட கனவு?
"முதுகுவலி இருக்கு. கனவு இல்ல."
நடந்ததை ஞாபகப்படுத்தும் இடங்களைத் தவிர்த்தீர்களா?
"தவிர்க்கல. போறதில்ல."
பேனா ஒரு நொடி காற்றில் நின்றது.
பிறகு பூஜ்யத்தையே சுழித்தேன்.

சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறீர்களா?
கீழே கடைப்பையன் இரும்பு ஜாக்கியைத் தவறவிட்டான்.
எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.
அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இல்ல," என்றார்.

கூட்டினால் ஒன்பது.
முப்பதைத் தாண்டினால் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்குக் கடிதம்.
ஒன்பதுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட், நன்றி.

தெரேசம்மா பையைத் திறந்தார்.
மாத்திரை அட்டைகள், இஞ்சி மிட்டாய்,
பிரிக்காத நான்கு பொத்தான் பேட்டரிகள்.
"காதுல இருக்கறது வெறும் ஓடு.
உங்க வாயப் பாத்துத்தான் பதில் சொல்றாரு.
போன வருஷம் ஆகஸ்ட்ல ஒரு வாரம் போட்டாரு, அதோட சரி."

ஆகஸ்ட்டில் என்ன?

"கித்தாக் கொட்டை வெடிக்கும்.
வீட்டுக்குப் பின்னால முப்பது மரம் நிக்கிது.
பகல் வெயில்ல ஒண்ணொண்ணா, டப்பு, டப்பு.
தகரத்துல விழுந்து உருளும்.
பழைய மரத்த வெட்டினப்போ நாலு வருஷம் நல்லாத் தூங்கினாரு.
மறுநடவு காய்க்க ஆரம்பிச்சதும்
அலமாரிக்கும் சுவத்துக்கும் நடுவுல..."
அங்கே எவ்வளவு இடம் என்று
இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.
ஒரு தலையணை அகலம்.

கோப்பரல் சன்னலைப் பார்த்தபடி இருந்தார்.
கிரிக்குக்கு வடக்கே ஒரு மலைச்சரிவு, எழுபத்தாறில்,
முன்னால் நடந்தவன் காலடியில் ஒரு சத்தம்.
இதைச் சொன்னதும் தெரேசம்மாதான்.
'சம்பவத்தைச் சுருக்கமாக எழுதவும்' என்று
பாரத்தின் முதல் பக்கம் கேட்டதற்கு
அவர் எழுதியிருந்தது:
பொன்னுரங்கம்.
மற்ற கோடுகள் காலி.

"நான் முப்பத்தஞ்சு வருஷம் பால்மரம் சீவினவ," என்றார் தெரேசம்மா.
"மழைத் தண்ணி கலந்த பால்ல கம்பிய விட்டுப் பாத்துட்டு
கிராணி சொல்வாரு, இந்த மரத்துல சத்தே இல்லன்னு.
மரத்துலயா இல்ல?
அவரு நிறுத்த நாளு அப்படி."

கணினி எண்களை மட்டும் விழுங்கும்.
ஒன்பது என்று எழுதினேன்.
தேதி, மார்ச் இருபத்தெட்டு.
பிறகு, யாரும் கேட்காமல்,
பின்பக்கத்தில் பென்சிலால்:
பேட்டரி இல்லை. ஆகஸ்ட்டில் திரும்பக் கேட்கவும்.

அவர்கள் படியிறங்குவதை மேலிருந்து பார்த்தேன்.
ஐந்தடியில் காற்று கொண்டுவந்த சருகு, ஒரு சின்னக் குவியல்.
கோப்பரல் கடைசிப் படியில் நின்றார்.
மீன் விலையோ என்னவோ சொல்லிக்கொண்டே
தெரேசம்மா முன்னால் போய்
செருப்புக் காலால் அதை ஒதுக்கினார்,
சிமெண்டு தெரியும் வரை.
அப்புறம்தான் அவர்
காலை எடுத்து வைத்தார்.