அரைப் பேர்

இரவு இரண்டு நாற்பத்தேழு.
ஊசி ஒரே ஒருமுறை எகிறியது.
பிறகு ஒன்றும் நடக்காதது போலக்
கோடு இழுத்துக்கொண்டு போனது.

பதினாறாம் நம்பர் மலைக்கு மேலே
பழைய துரை பங்களாவின் குதிரைக் கொட்டில்தான்
இப்போது நில அதிர்வு நிலையம்.
ஒரு கணினி.
அதை நம்பாத ரத்னவீர மாத்தயா
கழற்ற விடாத காகித உருளை.
காகிதம் மாற்றுவதும் மை ஊற்றுவதும் என் வேலை;
அடைமழை மாதங்களில்
லயத்துக்குப் ஃபோன் அடித்து
எழும்புங்கள், மண் நகருது என்பதும்.

பூமி தானாக நடுங்கினால்
முதலில் முனகும், அப்புறம் உருளும்.
ஒரு பக்கம் தள்ளும், ஒரு பக்கம் இழுக்கும்,
கடன் கேட்க வந்து தயங்குகிற ஆள் மாதிரி.
இது தயங்கவில்லை.
திரையில் நாலு நாட்டு நிலையங்களின் கோடும் வந்தது:
எல்லாரிடமும் வெளிநோக்கி ஒரே தள்ளு.
கதவை அறைந்து சாத்திவிட்டு
நான் சாத்தவில்லை என்று நிற்கிற முகம்.

தூரம்: நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
இடம்: ஒரு பாலைவனம்.
ஆழம்: பூச்சியம்.

அந்த நாட்டைப் பற்றி நான் வாசித்ததெல்லாம்
சங்கரலிங்கம் கடையில் வடை சுற்றித் தந்த பேப்பரில்.
அவர்களிடம் அது இருக்கிறதென்று ஊரே சொல்கிறது.
அவர்கள் மட்டும்
இருக்கென்றும் சொல்வதில்லை, இல்லையென்றும் சொல்வதில்லை.
பக்கத்தில் ஒரு வரைபடம்.
அவர்களது ஏவுகணை போய் விழக்கூடிய தூரத்தை
வட்டமாகப் போட்டிருந்தார்கள்.
வட்டத்தின் ஓரம் எங்கள் தீவைக் குறுக்கே வெட்டி
கொட்டகலைக்கும் பொகவந்தலாவைக்கும் நடுவில்
எண்ணெயில் ஊறிப் பரவியிருந்தது.
எங்கள் லயம் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.
தெரியவில்லை.
கடலைப்பருப்பு ஒன்று பல்லில் மாட்டிக்கொண்டது.

விடிந்ததும் மாத்தயா வந்தார்.
உருளையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார்.
மறுபடி பார்த்தார்.
"தயாளினி, காரணம் என்ற இடத்தில் என்ன போட்டாய்?"
இன்னும் போடவில்லை சேர்.
"தெரியாது என்று போடு."
தெரியுமே சேர்.
"தெரியும். தெரியாது என்று போடு."
போட்டேன்.
படிவத்தில் மூன்று மொழியிலும் அதற்கு இடம் இருந்தது.

பின்னேரம் கொழுந்து மடுவம்.
அம்மா நிறுக்கப் போட்டது இருபத்தொரு கிலோ.
சாக்குக்கு ஒன்று. ஈரத்துக்கு இரண்டு.
இன்னொன்று எதற்கென்று
கணக்கப்பிள்ளை சொல்லவில்லை.
தராசு முள்ளைப் பார்த்தபடியே நின்றான்.
பதினேழு.
பதினெட்டு வந்தால்தான் முழுப் பேர்.
செக்ரோலில் அரைப் பேர் விழுந்தது.

"ராத்திரி என்னமோ ஆடிச்சாமே?"
படங்குச் சாக்கை அவிழ்த்து உதறினாள். அட்டை ஒன்று விழுந்தது.
எங்கேயோ தூரத்தில் வெடித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றேன்.
"யாராம்?"
பேர் கொடுக்கவில்லை.
"அரைப் பேர் கூடவா?"
சிரித்தாள். அட்டைக்கு உப்புத் தேடினாள்.

ராத்திரி மறுபடி உருளைக்கு முன்னால் நான்.
நேற்றைய காகிதத்தில்
அந்த எகிறலுக்குக் கொஞ்சம் தள்ளி
ஐந்து பத்துக்கு மேடேறிய லொறி ஒரு சின்னப் புழு.
ஆறரைக்குப் பெரட்டுக்களத்துக்கு
எண்பது கால்சோடி இறங்கியது மெல்லிய பிசிறு.
இவற்றுக்கெல்லாம் காரணம் எழுதியிருக்கிறேன்,
நேரத்தோடு, ஒளிக்காமல்.

ஆழம் என்ற கட்டத்தில் நான் போட்ட பூச்சியம்
அப்படியே இருந்தது.
அடியில் மாத்தயாவின் கையெழுத்து.
பூச்சிய ஆழத்தில் எந்த நிலமும் தானாக நடுங்காது.
அது அவருக்குத் தெரியும்.
பார்க்காமல் விட்டாரா, பார்த்து விட்டாரா
நான் கேட்கவில்லை.

தகரத்தில் மழை பிடித்தது.
ஃபோனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன்.