கடல் மட்டத்துக்கு மேலே

ஆகஸ்ட் காலை. லெனேசியாவுக்குத் தெற்கே
எரிந்த புல்லின் கரி பூட்ஸில் ஒட்டுகிறது.
சுரங்கம் கக்கிய மஞ்சள் மண்மேட்டுக்குப் பின்னால்
யாரோ விட்டுப்போன விமான ஓடுபாதை,
வெடிப்பெல்லாம் களை.

வலப்பக்கம் குபேந்திரன் மூட்லியின் பெட்ரோல் எஸ்யூவி,
எட்டு சிலிண்டர்,
ராத்திரியே கழுவித் துடைத்து வைத்தது.
இடப்பக்கம் சரோஷ்னியின் மின்சார வண்டி,
கதவில் வியாழக்கிழமைப் புழுதி,
பின் இருக்கையில் பிள்ளையின் நீச்சல் பை.
நடுவில் நான், ஸ்டாப்வாட்ச்சோடு.
தோற்றவர் எல்லோருக்கும் பன்னி சௌ வாங்க வேண்டும்.

கையை இறக்கினேன்.

பெட்ரோல் முதலில் தொண்டையைச் செருமியது.
முன்புறம் தூக்கி, பின்புறம் அமர்ந்து,
பேசப்போகிறேன் பேசப்போகிறேன் என்று
சபையைச் சுற்றிப் பார்க்கும் கல்யாண வீட்டு மாமாவைப்போல
ஒரு கணம் எடுத்துக்கொண்டது.
பிறகு பேசியது, உண்மையாகவே பேசியது,
மண்மேட்டிலிருந்து ஹடீடாக்கள் கத்திக்கொண்டு எழுந்தன.
ஒன்றாம் கியர் முடிந்து இரண்டுக்கு மாறும் இடைவெளியில்
கமா போட்டது.

மின்சார வண்டி புறப்பட்டதை நான் பார்க்கவில்லை.
பார்த்தபோது அது போய்க்கொண்டிருந்தது.
கமா இல்லை, செருமல் இல்லை,
டயருக்கடியில் சரளை நெரியும் சத்தம் மட்டும்.

நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு
அவளுக்கு நாலு புள்ளி ஒன்பது வினாடி,
அவனுக்கு ஏழு புள்ளி நாலு.

"டர்பன்ல வெச்சுப் பாரு," என்றான் இறங்கியதும்.
"கடலோரத்துல இது ஆறு சொச்சம்.
இங்கே காத்து மெலிசு. இஞ்சின் என்ன செய்யும்?"
சரோஷ்னி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.
பதினெட்டு வருஷத்துக்கு முன்
சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு சூட்கேஸோடு வந்தவள் நான்.
முதல் மாசம் முழுக்க
இரண்டாம் மாடி வீட்டுக்குப் படியேற
நடுவில் ஒரு தடவை நின்றேன்,
சாவியைத் தேடுகிற பாவனையில்.
மூச்சு வாங்கித்தான் ஓடமுடியும் என்கிற ஜாதிக்கு
ஆயிரத்து அறுநூறு மீட்டர் உயரம் ஒரு வரி.
காற்றே தேவைப்படாததை
எந்த மலையும் எதுவும் கேட்பதில்லை.

இரண்டாம் ஓட்டம், மூன்றாம் ஓட்டம்.
எண்கள் அசையவில்லை.
அறுபதிலிருந்து நூற்றிருபது வரை வைத்துப் பார்க்கலாம் என்றான்;
பெட்ரோல் ஒரு கியர் கீழே இறங்கி யோசித்த நேரத்தில்
அதுவும் முடிந்துவிட்டது.

கடைசியில் சாவியைக் கேட்டான்.
சாவி இல்லை, கார்டு என்றாள் அவள்.
வாங்கிப் பார்த்தான், இரண்டு பக்கமும்,
போலி நோட்டைப் பார்ப்பதுபோல்.

ஓட்டிவிட்டு வந்தவனின் தொப்பி
பின் இருக்கை நீச்சல் பையின்மேல் கிடந்தது.
கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடியே நின்றான்.
"சத்தமே இல்ல.
எத நம்பி மிதிக்கிறது?"

அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.
நோட்டுப் புத்தகத்தில் கழித்துப் பார்த்தேன்:
இரண்டரை வினாடி.
அங்கேயே நின்று அளந்தும் பார்த்தேன்.
இந்த ஊர்க் காற்றில் எனக்கு
உள்ளே இழுக்க ஒரு மூச்சு, அவ்வளவுதான்.
அதைச் சொல்லி அவனைத் தேற்றியிருக்கலாம்.
பசித்தது, சொல்லவில்லை.

திரும்பும் வழியில், கோல்டன் ஹைவே சந்திப்பில்
கரண்ட் இல்லை, ரோபோ அணைந்திருந்தது.
நாலு பக்கமும் வண்டிகள் நின்று,
வந்த வரிசைப்படி ஒவ்வொன்றாக நகர்ந்தன.
நாலு புள்ளி ஒன்பது நின்றது.
அதன் பின்னால் ஏழு புள்ளி நாலு,
எட்டு சிலிண்டரும் முணுமுணுக்க.

வரிசை எதையும் பார்க்காமல்
பதினைந்து பேரோடு ஒரு மினிபஸ் டாக்ஸி,
ஒற்றை ஹெட்லைட், கம்பியால் கட்டிய பம்பர்,
ஹார்ன் அடித்துக்கொண்டே
எங்கள் எல்லோருக்கும் முன்னால் போனது.